கைக்குட்டையில் ரத்தம்... கண்ணிலே காதல்!

உங்களுக்குப் பிடித்த காதல் படம் எது?

கேட்டவுடன் சட்டென்று ஒரு பெயர் வந்து விழுந்திருக்குமே! பெயர் மட்டுமா வந்தது? எந்த தியேட்டர், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், இடைவேளையில் வாங்கித் தின்றது முறுக்கா கடலை மிட்டாயா, அன்றைக்கு என்ன கலர் தாவணி... எல்லாமே கூட வந்திருக்கும். கதையில் பாதி மறந்து போயிருந்தாலும் அந்த சாயங்காலம் மறந்திருக்காது.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. வயதானவர்களைக் கேட்டால், அதிகமாக ஞாபகத்துக்கு வருவது பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்த விஷயங்கள்தானாம். நினைவாற்றலைப் பற்றி ஆராய்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கண்டு சொன்னது இது. காதல் படங்களை நாம் பார்த்துத் தள்ளியதும் அந்த வயதில்தானே!

என் பதிலைச் சொல்லி விடுகிறேன். 'பயணங்கள் முடிவதில்லை'. வருடம் 1982. எனக்குப் பதினெட்டு வயது.

தஞ்சாவூர் ஜில்லாவில் பாபநாசம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. டவுனில் ஓடி முடித்து, பெட்டி தேய்ந்து, பல மாதம் கழித்துத்தான் எங்கள் டூரிங் டாக்கீஸுக்குப் படம் வரும். தரை டிக்கெட். மணலைக் குவித்து மேடாக்கி அதன் மேல் உட்கார்ந்து கொள்வோம். முன்னால் இருப்பவள் இன்னும் உயரமாகக் குவித்து விட்டால் சண்டைதான். அத்தை, அக்கா, நான், பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். மோகனுக்கு வியாதி என்று தெரிந்ததிலிருந்து எங்கள் வரிசையில் ஒருத்தரும் பேசவில்லை. பூர்ணிமா கலங்கியபோது நாங்களும் கலங்கினோம். படம் முடிந்து வரப்பில் நடந்து வரும்போது அத்தை ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "இருந்தா இப்படி ஒருத்தன் இருக்கணும்டி. செத்தாலும் சொல்லாம இருந்தான் பாரு!"

அந்த வார்த்தை எனக்குள் எப்படிப் போய் உட்கார்ந்தது என்பதைத்தான் இப்போது உங்களிடம் சொல்லப் போகிறேன்.

அந்த வருடத்தை நினைத்துப் பாருங்கள். ஆர்.சுந்தர்ராஜனின் முதல் படமான 'பயணங்கள் முடிவதில்லை'யில் தனக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் கதாநாயகன் காதலியிடம் மறைக்கிறான். பிடிக்காதவன் மாதிரி நடிக்கிறான். அதே 1982-ல் வந்த 'வாழ்வே மாயம்' படத்தில் கமல் இன்னும் ஒரு படி மேலே போகிறார். தன்னை அவள் வெறுக்க வேண்டும் என்பதற்காகத் தாசி வீட்டுக்குப் போகிறவனாகவே நடித்துக் காட்டுகிறார். அதே வருடம்தான் பாலுமகேந்திராவின் 'மூன்றாம் பிறை'. அங்கே வியாதி ஸ்ரீதேவிக்கு. விபத்தில் நினைவு தப்பிக் குழந்தையாகி விடுகிறாள். (தலையில் அடிபட்டவர்களுக்கு விபத்தை ஒட்டிய கொஞ்ச நேர ஞாபகம் அழிவது சாதாரணம். அப்படியே குழந்தையாக மாறி, பிறகு ஒரே நாளில் முழுசாகத் தேறுவதெல்லாம் திரையில்தான் அதிகம்.) கேத்தி ரயில் நிலையத்து மழையில் கமல் பட்ட பாட்டுக்கு தேசிய விருது கிடைத்தது. எங்களுக்குக் கிடைத்தது ஒரு வாரத்துக்குத் தலைவலி!

ஒரே வருடத்தில் மூன்று காதல் படம். மூன்றிலும் வியாதி. மூன்றுக்கும் அழுதோம். அழுதது தப்பில்லை. ஆனால் அழுதுகொண்டே ஒரு பாடமும் படித்து விட்டோம்: உண்மையாக நேசிக்கிறவன் தன் வியாதியைச் சொல்ல மாட்டான்!

சரி, என் கதைக்கு வருகிறேன்.

1986, வைகாசி. என்னைப் பெண் பார்க்க வந்தவர் கூட்டுறவு வங்கியில் குமாஸ்தா. பெரியவர்கள் ஏதோ பேசிக் கொண்டிருந்தார்கள். தாழ்வாரத்தில் ஐந்து நிமிஷம் எங்களைப் பேச விட்டார்கள். அவருக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக் கொண்டிருந்தவர், "நீங்க பார்த்ததுல எந்தப் படம் ரொம்பப் பிடிக்கும்?" என்றார். சொன்னேன். முகம் மலர்ந்து விட்டது. "நான் திருச்சியில படிக்கிறப்போ அதை ஆறு தடவை பார்த்தேங்க!" என்றார். அவ்வளவுதான். ஜாதகம் பொருந்தியது எல்லாம் அப்புறம். எங்களுக்குப் பொருத்தம் பார்த்தவர் இளையராஜாதான்.

கடையில் கொடுத்துப் பதிவு செய்த கேஸட் ஒன்று சீரோடு சீராக அவர் பெட்டியில் வந்தது. நாடா சிக்கிக் கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றி, சிக்கெடுத்து, மறுபடி போடுவார். 2020-ல் எஸ்.பி.பி. மறைந்த அன்று அந்தக் கேஸட்டை எடுத்து வைத்துக் கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். போட்டுக் கேட்க டேப்ரிக்கார்டர்தான் இல்லை.

கல்யாணமாகி மூன்று மாதத்தில் 'மௌன ராகம்' வந்தது. தஞ்சாவூரில் போய்ப் பார்த்தோம். எந்த மாதிரிப் படம் என்று தெரிந்ததும் என் மாமியார் துடித்து விட்டார். "ஏம்ப்பா, புதுப் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போய் விவாகரத்துப் படமா காட்டுறே?" என்று இவருக்கு ஒரே அர்ச்சனை. படத்தில் மோகன் என்ன பரிசு வேண்டும் என்று கேட்க, ரேவதி விவாகரத்து வேண்டும் என்பாளே, அந்த இடத்தில் இவர் என்னைத் திரும்பிப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் படத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அதில்தான் எனக்கு விஷயம் இருக்கிறது.

ஒரே தாவாக 2012-க்கு வாருங்கள். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி விட்டது. ஆவணியில் முகூர்த்தம். ஆடி மாதமெல்லாம் இவர் பத்திரிகைக் கட்டோடு ஊர் ஊராகச் சுற்றினார். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். ஒன்றுவிட்ட அண்ணன் வீடு மூன்றாவது மாடியில். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டார். செல்போனைப் பார்க்கிற மாதிரி பாவனை. "யாருங்க போன்ல?" என்றேன். "சும்மா... நீ போ, வர்றேன்" என்றார். நெற்றியில் வியர்வை. வெயில் என்று நினைத்துக் கொண்டேன்.

வீட்டில் ஜெலுசில் பாட்டில் தீர்ந்து கொண்டே இருந்தது. கேட்டால், "கல்யாண அலைச்சல், கண்ட இடத்துல சாப்பாடு, ஒரே கேஸ் ட்ரபிள்" என்பார். ராத்திரி எழுந்து சோடா குடிப்பார். நம் வீடுகளில் நெஞ்சு வலிக்கு இருக்கிற ஒரே பெயர் 'வாயு'தானே!

ஒரு வெள்ளிக்கிழமை துணி துவைக்கும்போது சட்டைப் பையில் நாலாக மடித்த காகிதம் ஒன்று கையில் தட்டியது. ஈ.ஸி.ஜி.! தேதி மூன்று வாரத்துக்கு முந்தையது. ஓரத்தில் டாக்டர் எழுதியிருந்தார், உடனே இதய நிபுணரைப் பார்க்கச் சொல்லி. கை சோப்பு நுரையோடு அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து விட்டேன்.

சாயங்காலம் வந்தார். காபி கூடக் கொடுக்கவில்லை. காகிதத்தை மேஜையில் வைத்தேன்.

"ஏங்க, இது என்ன?"

பதில் இல்லை. பிறகு மெதுவாக, "பொண்ணு கல்யாணம் முடியட்டும்னு பார்த்தேன். இப்ப சொன்னா நீ உடைஞ்சு போயிடுவே. சந்தோஷமா இருக்கற நேரத்துல எதுக்கு..." என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "டூரிங் டாக்கீஸ்ல உக்காந்து மோகனுக்காக அழுதேனே, அது போதாதா? வீட்டுக்குள்ளயும் ஒரு மோகனா? நீங்க பாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தா, இந்தச் சட்டைப் பையில இருந்த காகிதத்தை நான் எப்ப பார்த்திருப்பேன்? பதினாறாம் நாளா?"

மறுநாளே போனோம். ஆஞ்சியோகிராமில் முக்கியமான ரத்தக் குழாய் ஒன்றில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். "மாரடைப்பாவே வந்திருக்க வேண்டியது. வந்திருந்தா முகூர்த்தத்தன்னைக்கு நீங்க எங்க இருந்திருப்பீங்கன்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர், சிரிக்காமல். முகூர்த்தத்துக்கு மனிதர் உட்கார்ந்து கன்னிகாதானம் செய்து கொடுத்தார். பந்தியில் ஓடியாடிப் பரிமாறத்தான் விடவில்லை.

"சினிமா வேற, வாழ்க்கை வேற... படம் பார்த்தா உங்க வீட்டுக்காரர் நெஞ்சு வலியை மறைச்சார்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இல்லைதான். மறைக்கிற பழக்கம் சினிமாவுக்கு முன்னாலேயே நம் வீடுகளில் இருந்தது. ஆபரேஷனைக் கூட "லேசான வயித்து வலி" என்று கடிதம் எழுதிய பரம்பரைதானே நாம்! பெரியவருக்குப் புற்றுநோய் என்று ஊருக்கே தெரிந்திருக்கும், அவருக்கு மட்டும் தெரியாது. சினிமா செய்தது என்னவென்றால், இந்தக் கெட்ட பழக்கத்துக்கு ஒரு நல்ல மெட்டுப் போட்டுக் கொடுத்தது. பயத்தினால் மறைத்தவன் கூட, தான் தியாகம் செய்வதாக நினைத்துக் கொள்ளலாம். இவர் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்திருக்கிறார். பிறகு அவரே ஒப்புக் கொண்டார்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அந்தப் படங்களில் எதிலாவது, 'எனக்கு இன்ன வியாதி, நீ என்ன சொல்றே?' என்று கதாநாயகன் அவளை ஒரு வார்த்தை கேட்டானா? அவள் தாங்குவாளா மாட்டாளா என்பதை அவனே முடிவு செய்கிறான். அவள் யாரைக் கட்டிக் கொள்ள வேண்டும் என்பதையும் அவனே! கூட இருந்து பார்த்துக் கொள்வதற்கு அவளுக்கு இருந்த வாய்ப்பை அவன் பறித்து விட்டான். இதற்குத் தியாகம் என்று பெயர் வைத்து, நாமும் முந்தானையால் மூக்கைச் சிந்தினோம்.

வைத்தியமாவது சரியாகக் காட்டினார்களா என்றால் அதுவும் இல்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-லேயே தொடங்கி விட்டார். அதாவது நம் நாயகர்கள் மலை உச்சியில் நின்று பாடிக் கொண்டிருந்தபோது, அங்கே இருபத்தெட்டு வருடமாக வைத்தியம் நடந்து கொண்டிருந்தது. ஒரு பஸ் பிடித்துப் போய்க் காட்டினாரா ஒருத்தராவது? கைக்குட்டையில் ரத்தம் துப்பினால் 'பிளட் கேன்சர்' என்று நம்பிய தலைமுறை நாம். உண்மையில் ரத்தப் புற்றுநோயில் அதிகம் காண்பது தீராத சோர்வு, சோகை, விட்டு விட்டு வரும் காய்ச்சல், அடிபடாமலே உடம்பில் நீலம் பாரித்தல், ஈறுகளில் ரத்தம் கசிதல்... இவையெல்லாம்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்கவில்லை, சளியில் ரத்தம் வருகிறது என்றால் நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது காசநோயா என்று. சளிப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். ஒழுங்காக, டாக்டர் சொன்ன காலம் வரை சாப்பிட்டால் குணமாகும்.

ரத்தப் புற்றுநோயிலும் எல்லாம் ஒன்றல்ல. ஒரு வகைக்கு 'இமாடினிப்' என்ற மாத்திரை 2001-ல் வந்தது. தினமும் மாத்திரையைப் போட்டுக் கொண்டு வருடக்கணக்காக வேலைக்குப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் காலத்தில் அந்தக் கதையை எடுத்தால், இடைவேளைக்கு முன்னாலேயே கதாநாயகன் மாத்திரைச் சீட்டோடு மருந்துக் கடையில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்!

இதுவரை இவரைத்தான் குறை சொன்னேன். இப்போது என் முறை.

2016. எனக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒருநாள் திடீரென்று லேசாக உதிரம் பட்டது. சூடு என்று நினைத்து வெந்தயம் ஊற வைத்துக் குடித்தேன். அடுத்த மாதமும் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. இவருக்கு ஏற்கெனவே இதயம் பழுது, சொன்னால் தாங்க மாட்டார்... மகள் இப்போதுதான் பிரசவித்திருக்கிறாள், அவளை எதற்குப் பயமுறுத்த வேண்டும்... இப்படியே நாலு மாதம்! ஈ.ஸி.ஜி. காகிதத்தை மேஜையில் வைத்துச் சண்டை போட்டவள் நான்தான், பாருங்கள். "உனக்கு ஏன் முகம் வெளுத்துக் கிடக்குது?" என்று ஒருநாள் இவர் கேட்டபோது, "தூக்கம் சரியில்லை" என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே அந்தக் குரல் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. மாடித் திருப்பத்தில் செல்போனைப் பார்த்துக் கொண்டு, "சும்மா... நீ போ, வர்றேன்" என்ற குரல்!

அன்றைக்கு ராத்திரி சொல்லி விட்டேன். அவர் உடைந்து போகவில்லை. நெஞ்சைப் பிடித்துக் கொள்ளவும் இல்லை. எழுந்து போய்ச் சட்டையைப் போட்டுக் கொண்டு, "எந்த டாக்டரம்மாகிட்ட போகலாம்?" என்றார். மணி ராத்திரி பத்தரை!

ஸ்கேன், திசுப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். கர்ப்பப்பைக்குள் சின்னதாக ஒரு சதை வளர்ச்சி. கெட்டதல்ல. எடுத்து விட்டார்கள். என் அதிர்ஷ்டம் அது. அதே அறிகுறி கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கும் முதல் எச்சரிக்கையாக இருக்கலாம், ஆரம்பத்தில் வந்தால் சுலபமாகத் தீர்க்கலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது அந்த நாலு மாதத்தை எண்ணி உடம்பு நடுங்கியது. ஆகவே என் வயதுத் தோழிகளே, மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்து ஒரே ஒரு சொட்டுப் பட்டாலும் வெந்தயம் வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

அதே மாதிரிதான் நெஞ்சும். படியேறினால் நெஞ்சை அழுத்துகிறது, நின்றால் சரியாகிறது என்றால் அது வாயு இல்லை என்று தெரிகிற வரை இதயம் என்றே வைத்துக் கொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, வியர்வை, மூச்சு வாங்கல் என்றால் சோடா தேடாமல் 108-க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கு வலியே பெரிதாகத் தெரியாமல் அசதியும் குமட்டலுமாகக் கூட வரும். "காலையில் பார்த்துக்கலாம்" என்று வீட்டில் மற்றவர்களின் தூக்கத்துக்கு இரக்கப்படாதீர்கள்.

'மௌன ராகம்' பற்றிச் சொல்கிறேன் என்றேனே. இப்போது யாராவது என்னிடம் பிடித்த காதல் படம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்கிறேன். பதினெட்டு வயதுப் பதில் மாறி விட்டது. பெயரில் மௌனம் இருக்கிறதே தவிர, அதில் நல்லது எல்லாம் யாராவது வாயைத் திறந்த பிறகுதான் நடக்கிறது. தன் பழைய காதலை ரேவதி புருஷனிடம் சொல்லி விடுகிறாள். அவரும் கேட்டுக் கொள்கிறார். அவர் கத்திக்குத்துப் பட்டுக் கிடக்கும்போது பக்கத்திலிருந்து பார்த்துக் கொள்கிறாள். ஆனால் மனசு மாறிய பிறகு அதைச் சொல்லத்தான் இரண்டு பேரும் என்ன பாடு படுகிறார்கள்! ரயில் கிளம்புகிற வரை ஜவ்வாக இழுத்து... போகட்டும், கடைசியிலாவது சொன்னார்களே.

என் தம்பிக்குப் பிடித்த படம் 1991-ல் வந்த 'இதயம்'. டாக்டருக்குப் படிக்கிற முரளி படம் முழுக்கக் காதலைச் சொல்லவே மாட்டார். தம்பி அதைப் பத்துத் தடவை பார்த்தான். யாரிடம் எதைச் சொல்லாமல் விட்டான் என்று இன்று வரை எங்களுக்குத் தெரியாது. அவனுக்கு இப்போது சர்க்கரை இருப்பதும் மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் அவன் பெண்டாட்டி சொல்லி!

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி, காலைக் காபியின்போது இவர் கேட்பார்: "என்ன மறைக்கிறே?" நானும் திருப்பிக் கேட்பேன். முழங்கால் வலி, ஒருநாள் விட்டுப்போன பிரஷர் மாத்திரை, மகளுக்குத் தெரியாமல் தின்ற ரெண்டு ஜிலேபி... எல்லாம் வெளியே வந்துவிடும். சில மாதம் சண்டையில் முடியும். காபி ஆறிப் போகும். நடக்கட்டும்.

போன தீபாவளிக்கு மறுநாள் டி.வி.யில் 'பயணங்கள் முடிவதில்லை' போட்டார்கள். இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பாட்டு வந்த இடத்தில் எல்லாம் இவர் கூடவே முணுமுணுத்தார். எனக்கு அந்த மணல் மேடும், அத்தையும், ஈரத் தாவணியும் வந்து போயின. மோகன் வியாதியை மறைக்கிற கட்டம் வந்தது. எனக்குப் பழையபடி தொண்டை அடைத்தது. திரும்பிப் பார்த்தால் இவர் நாற்காலியின் நுனிக்கே வந்து விட்டார். ஆறு தடவை பார்த்த படம். என்ன நடக்கும் என்று தெரியாதா?

"அடேய், சொல்லித் தொலைடா!" என்று டி.வி.யைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், அடுப்படியில் இருந்த பேத்தி ஓடி வந்து விட்டாள்.